லேபிள் ஒட்டாத பாட்டில்கள்

நவம்பர் 20, வியாழன்

மிஷின் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே மெக்கானிக் கடை வைத்திருக்கும் அஸ்லம் ஆட்டோவில் போட்டு அவனே கொண்டுவந்து இறக்கினான். வேலிச் செடி வெட்டும் பெட்ரோல் மிஷின். என் வீட்டுக்காரர் தானியேல் இருந்தவரை வருடா வருடம் இந்த மாதத்தில் அதன் சத்தம் கோத்தகிரி முழுக்கக் கேட்கும். அவர் போனபிறகு மூன்று வருடமாக ஸ்டோர் ரூமில் கிடந்தது.

"கடையில ஓட்டிப் பாத்துட்டேன்க்கா. ரெண்டே இழுப்புல பிடிச்சிருச்சு. ஆட்டோவுல வர்றதுனால டேங்க்கைக் காலி பண்ணிட்டேன். நீங்க ஊத்தி இழுத்தாப் போதும்" என்றான். ஒரு கேனில் பெட்ரோலும், கலப்பதற்கு டூ-டி ஆயிலும் கொடுத்தான். நாளை மச்சினன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு சேலம் போகிறானாம். டிசம்பரில்தான் கடை திறப்பு.

இந்த மிஷினுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. ஆகஸ்டில் ரூபன் கோயமுத்தூரிலிருந்து வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "இங்கேருந்து பாத்தா ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும்மா" என்றான். சைப்ரஸ் வேலி ஜன்னலை மறைத்துவிட்டது, உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேலியக்கூடப் பாத்துக்க முடியல, நீ எப்படித் தனியா இருப்ப? வித்துட்டு எங்ககூட வந்துரு" என்றான்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வா. வேலி வெட்டியிருக்கும். நான் வெட்டியிருப்பேன், கூலிக்கு ஆள் வெச்சு இல்ல. அப்படி இல்லேன்னா நீ சொல்றபடி கேக்குறேன்" என்றேன். கூலி ஆள் கூடாது என்று அவன் சொல்லவே இல்லை, நானாகப் போட்ட நிபந்தனை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளிய வாய், ஓய்வு பெற்றதிலிருந்து வட்டியும் முதலுமாகப் பேசுகிறது.

டிசம்பர் ஆறாம் தேதி வருகிறான். வீடு பார்க்க ஒருவரையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். வா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 22, சனி

பெட்ரோலில் ஆயில் கலந்தேன். தானியேல் எப்படிச் செய்வாரோ அப்படியே. பெட்ரோலை ஊற்றி, ஆயிலை அளந்து விட்டு, மூடி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து. கலந்ததை அவர் எப்போதும் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில்தான் வைப்பார். தைலம் காய்ச்சுகிற இடத்தில் யூகலிப்டஸ் தைலம் மொத்தமாக வாங்குவோமே, அதே பாட்டில். காலியானதும் கழுவி எடுத்துக்கொள்வார். அதனால் ஸ்டோர் ரூம் அலமாரியில் எப்போதும் அண்ணன் தம்பிபோல இரண்டு பாட்டில் நிற்கும். ஒன்றில் தைலம், ஒன்றில் மிஷின் பெட்ரோல்.

கல்யாணமான புதிதில் கேட்டேன், ஒரு லேபிள் ஒட்டி வைத்தால் என்ன என்று. "லேபிள் எதுக்குட்டி? மூக்கு எதுக்கு இருக்கு?" என்றார். தெற்கே நாசரேத்துக்காரர், மலைக்கு வந்து எத்தனை வருடமாகியும் அந்த 'ட்டி' போகவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார், அவ்வளவுதான். அவர் மூக்கு அப்படி. டீ பேக்டரியில் ஃபிட்டர் வேலை. மோட்டார் கருகப் போவதை அது கருகுவதற்கு முன்பே மோப்பத்தில் சொல்லிவிடுவார் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையபடி இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

நவம்பர் 24, திங்கள்

மிஷின் கிளம்பவில்லை.

காலையில் வெயில் வந்ததும் தானியேலின் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, புனல் வைத்து, டேங்க்கை நிரப்பினேன். ரப்பர் குமிழை அமுக்கினேன். சோக்கைப் போட்டேன். கயிற்றை இழுத்தேன். வெறும் 'சர்ர்' சத்தம். மறுபடி இழுத்தேன், மறுபடி சர்ர். எஞ்சின் பிடிக்கப் போகிறதென்றால் ஒரு சின்ன இருமல் கேட்கும், எனக்குத் தெரியும். என் காதில் குறை ஒன்றும் கிடையாது. அந்த இருமல்கூட இல்லை.

அஸ்லம் கடையில் இரண்டே இழுப்பில் ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை? ஆண் கை பட்டால்தான் ஓடுவேன் என்கிறதோ என்னவோ.

பக்கத்து வீட்டு ரமணி கேரட் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன நேசமக்கா, தைலம் தேச்சிருக்கீங்களா? இங்க வரைக்கும் வாசம் தூக்குது."

"ஆமா, ஜலதோஷம்" என்றேன். பிப்ரவரியில் வந்த ஜுரத்துக்குப் பிறகு எனக்கு இந்த ஜலதோஷம் விட்டபாடில்லை. முந்தாநாள் கொஞ்சம் நெஞ்சில் தேய்த்தேன். அது இன்னும் அடிக்கிறதென்றால் நல்ல தைலம்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

இன்றும் இல்லை. தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

அஸ்லமைப் போனில் பிடித்தேன். பின்னால் நாதஸ்வரமா பேண்டா தெரியாத அளவுக்கு இரைச்சல். ட்ரங்க் கால் காலத்தில் இதைவிட மோசமான லைனில் இரண்டு ஊரைச் சேர்த்து வைத்தவள் நான், எனக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"சோக்கை எடுத்துட்டு இழுத்தீங்களாக்கா?"

"இழுத்தேன்."

"ஏர் ஃபில்டர் கழட்டிப் பாருங்க. அழுக்கிருக்கா?"

"நீ மாத்தினதுதானே, புதுசாத்தான் இருக்கு."

"ப்ளக்கைக் கழட்டுங்க. பாக்ஸ்லயே ஸ்பேனர் இருக்கும். ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?"

"ஈரமா இருக்கு."

"அப்ப பெட்ரோல் வருது. கரன்ட் வருதான்னு பாக்கணும். ப்ளக்கை ஒயர்ல மாட்டி, எஞ்சின் மேல இரும்புல ஒட்டிப் பிடிச்சுட்டு இழுங்க. பிளாஸ்டிக் உறைய மட்டும் பிடிங்க, இல்லேன்னா ஷாக் அடிக்கும். ப்ளக் ஓட்டையையும் டேங்க் மூடியையும் நல்லா மூடிக்குங்க."

நீல நிறத்தில் நன்றாகப் பொறி வந்தது. சொன்னேன். அவனுக்கே குழப்பமாகிவிட்டது.

"பொறியும் இருக்கு, பெட்ரோலும் இருக்கு, அப்ப ஏன் ஓடல? ஏக்கா, ப்ளக்கை ஒரு தடவ மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம்தானே வருது?"

"வருது" என்றேன்.

"நல்லா மோந்து பாத்தீங்களா?"

"என்னப்பா, கோர்ட்டுல விசாரிக்கிற மாதிரி கேக்குற. பெட்ரோல் வாசம் வராம பின்ன என்ன வாசம் வரும்?"

ப்ளக்கைத் துடைத்துக் காயவைத்து மறுபடி இழுக்கச் சொன்னான். இழுத்தேன். சர்ர். கடை திறந்ததும் முதல் வேலையாக வந்து பார்க்கிறேன் என்றான். அவன் கடை திறப்பது எட்டாம் தேதி. ரூபன் வருவது ஆறாம் தேதி.

நவம்பர் 29, சனி

மேகம் இறங்கி வேலியே தெரியவில்லை. ஒரு விதத்தில் நிம்மதி.

வேலை ஓடாததால் மனம் எங்கெங்கோ ஓடியது. கல்யாணமாகி மேட்டுப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் மலையேறி வந்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நீலப் புகை விடும். பட்டுப்புடவையெல்லாம் அந்தப் புகை வாசனை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "பழகிரும்ட்டி" என்றார். பழகிற்று. பிறகு எக்ஸ்சேஞ்சில் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வந்தால், பனியில் ஆள் தெரியாது, அந்த வாசனைதான் முதலில் தெரியும். ஆள் வந்து காத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் பாட்டுக்கு வாசனையைப் பார்த்து நடந்து போய் வண்டியில் ஏறிக்கொள்வேன். ஒருநாளும் வேறு யார் வண்டியிலும் ஏறியதில்லை.

வேலி வெட்டுகிற நாளில் அதே வாசனையோடு வெட்டிய சைப்ரஸ் வாசனையும் சேர்ந்து உள்ளே வரும். இரண்டு தோளுக்கும் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். தேய்த்து முடித்ததும் மறுபடி அதே ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார். பெட்ரோல் புகை, சைப்ரஸ், தைலம் மூன்றும் சேர்ந்து ஒரு நெடி அடிக்கும். "பக்கத்துல வராதீங்க" என்று விரட்டுவேன். அவர் போனபிறகு அந்த ஸ்வெட்டரைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன். எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். இந்த வருடம் எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது?

முட்டி வலி. தைலம் தேய்த்தேன். இந்தத் தடவை தைலம் சரியில்லை, சூடே ஏறவில்லை, தோல் வறண்டு வெளுத்துப் போகிறது. எல்லாவற்றிலும் கலப்படம்.

டிசம்பர் 1, திங்கள்

ரமணி கொத்தமல்லி கொடுக்க வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு என்னைத் தள்ளாத குறையாக உள்ளே போய் அடுப்பின் திருகை மூடினாள், ஜன்னல் இரண்டையும் திறந்தாள்.

"கேஸ் தொறந்தே கெடக்குதுக்கா. வாசம் வரலீங்களா உங்களுக்கு?"

"பால் பொங்கி அணைஞ்சிருக்கும். எனக்குத்தான் ஜலதோஷமாச்சே."

"எத்தன மாசமாக்கா ஒரு ஜலதோஷம்?"

கொத்தமல்லி நன்றாக இருக்கிறது, என்ன உரம் போடுகிறாய் என்று கேட்டேன். சொன்னாள். கிளம்பும்போது, இதையெல்லாம் ரூபனிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்காதே, அவன் சும்மாவே வீட்டை விற்கக் காரணம் தேடுகிறான் என்றேன். சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கேஸ் திறந்து கிடப்பது யார் வீட்டிலும் நடப்பதுதான். இதை எழுதியிருக்கவே வேண்டாம்.

டிசம்பர் 3, புதன்

கை கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். காலை முழுக்க வெட்டியும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலம்தான் ஆயிற்று. அதுவும் கோணல். எலி கடித்த ரொட்டிபோல இருக்கிறது. மழையில் நனைந்ததில் தலை பாரம். சைப்ரஸ் பிசின் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி சர்ச்சிலிருந்து கேரல் பாட வருவார்கள். கேட் திறக்க இடம் இருக்கிறது, அது போதும்.

டிசம்பர் 4, வியாழன்

மூக்கு அடைப்புக்கு ஆவி பிடித்தால் சரியாகுமென்று பேப்பரில் போட்டிருக்கிறது. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? நாளைக்குப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தைலம் விட்டு நன்றாகப் பிடிக்க வேண்டும். பாட்டிலைக் கொண்டுவந்து அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டேன், மறக்காமலிருக்க.

டிசம்பர் 6, சனி, காலை

நேற்று எழுத முடியவில்லை. ரூபன் தூங்குகிறான். அவன் எழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானமே வந்துவிட்டான். ஒருநாள் முன்னதாக. ரமணி போன் செய்திருக்கிறாள், வேறென்ன. நான் சமையலறையில் இருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையில் பாட்டில், வலது கையால் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டேன். பாத்திரத்துக்கு நேராகச் சாய்க்கப் போன நேரத்தில் வாசலில் பையைப் போடுகிற சத்தம். "அம்மா" என்று ஒரு கத்தல். அந்த மாதிரி அவன் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஓடிவந்து முதலில் அடுப்பை அணைத்தான். என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். நானும் பின்னால் போனேன். படிக்கட்டில் நின்று பாட்டிலை மோந்து பார்த்தான். பிறகு மிஷின் பக்கத்தில் போய் டேங்க் மூடியைத் திறந்து குனிந்து மோந்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

ஸ்டோர் ரூமுக்குப் போய் இன்னொரு பாட்டிலையும் எடுத்து வந்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"கண்ண மூடிக்கோ. இது என்னன்னு சொல்லு."

மூக்குக்குப் பக்கத்தில் ஏதோ நீட்டினான். எக்ஸ்சேஞ்சில் குரலை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். அவன் குரலிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

"தைலம்" என்றேன்.

"இது?"

"பெட்ரோல். இதுகூடத் தெரியாதா?"

கண்ணைத் திறந்தேன். அவன் கையில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. மற்றது அந்தப் பக்கம் மூடியபடி தரையில்.

"ரெண்டு தடவையும் ஒரே பாட்டிலத்தாம்மா காட்டினேன்."

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டதுபோல. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு வாசனையே வர்றதில்ல, ரூபன். பிப்ரவரி ஜுரத்துலேருந்து. காப்பி, மல்லிகை, சாம்பார் எதுவும் கிடையாது. வந்துரும் வந்துரும்னு பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா இங்க இருக்க விடுவியா?"

அவன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மிஷினுக்குத் தைலத்தை ஊற்றியிருக்கிறேன். முட்டிக்குப் பெட்ரோலைத் தேய்த்திருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில், எரிகிற அடுப்புக்கு மேலே பெட்ரோலை ஊற்றப் பார்த்திருக்கிறேன். பஸ் ஒரு கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் இந்த நோட்டு இருந்திருக்காது, நானும் இருந்திருக்க மாட்டேன். அவன் அதைச் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

வீடு பார்க்க வருகிறவருக்குப் போன் போட்டான். "நாளைக்கு வேண்டாம் சார், நான் சொல்றேன்" என்றான். நான் சொல்றேன் என்றால் என்ன அர்த்தம்? கேட்கத் தைரியமில்லை. என் வீட்டில் நான் கேட்கப் பயந்த முதல் கேள்வி இதுதான்.

எழுந்துவிட்டான். கட்டில் சத்தம் கேட்கிறது.

டிசம்பர் 6, சனி, மாலை

காலையில் காப்பி குடித்துவிட்டு அவனே மிஷினைத் தூக்கி முற்றத்தில் வைத்தான். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை வேறு. "எப்படிக் கழுவணும், சொல்லு" என்றான். டேங்க்கிலிருந்த தைலத்தைக் கொட்டினோம். கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கழுவினோம். குமிழை அமுக்கி அமுக்கி உள்ளே இருந்ததை வெளியேற்றினோம். ப்ளக்கை நான் துடைத்தேன். பெட்ரோல் பாட்டிலை அவன் திறந்து, மோந்து பார்த்து, தலையாட்டிய பிறகுதான் நான் ஊற்றினேன்.

கயிற்றை அவன் பிடிக்கப் போனான். "பந்தயம் எனக்கு" என்று வாங்கிக்கொண்டேன்.

முதல் இழுப்பு, சர்ர். இரண்டாவது, சர்ர். மூன்றாவதில் அந்த இருமல் கேட்டது. சோக்கை எடுத்துவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. தானியேல் இருந்தபோது கேட்ட அதே சத்தம், கொஞ்சமும் மாறாமல். ரமணி வீட்டு நாய் குரைத்தது. நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. மப்ளரால் துடைத்துக்கொண்டேன்.

வேலி முழுவதையும் நான்தான் வெட்டினேன். கை ஓயும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன், அவன் வெட்டியதை வாரிக் குவித்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒருமுறைகூடக் கொடு என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஜன்னல் தெரிந்தது. தெருவில் நின்று பார்த்தோம். ஆள் இருக்கிற வீடு மாதிரி இருந்தது.

"ஜெயிச்சுட்டம்மா" என்றான்.

"வேலியில ஜெயிச்சேன். அடுப்புல தோத்துட்டேன்" என்றேன். யோசித்துச் சொன்னதுதான். ஜனவரியில் கோயமுத்தூர் வந்து மூக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்றேன். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டுக் கரன்ட் அடுப்பு வைக்கிறேன், தினமும் காலையில் ரமணி வந்து ஒருநடை பார்க்கட்டும் என்றேன். வீட்டை மட்டும் விற்க வேண்டாம் என்றேன். இதைக் கொஞ்சம் கெஞ்சித்தான் சொன்னேன்.

அவன் உள்ளே போய் வெள்ளைத்தாளும் பசையும் கொண்டுவந்தான். இரண்டு பாட்டிலுக்கும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினான். பெட்ரோலை வெளியே ஷெட்டில் கொண்டு வைத்துப் பூட்டினான். தைலப் பாட்டில் லேபிளோடு பழைய அலமாரிக்கே போயிற்று என்றால் நானும் இங்கேதான் என்று எடுத்துக்கொண்டேன். வீடு பார்க்க வருகிறவருக்கு அவன் அனுப்பிய மெசேஜையும் காட்டினான். 'விற்பதாக இல்லை, மன்னிக்கவும்' என்று இருந்தது.

மிஷினை எடுத்து வைப்பதற்கு முன் டேங்க்கில் மிச்சமிருந்ததை ஓட்டித் தீர்க்க வேண்டும். தானியேல் அப்படித்தான் செய்வார். ஓடவிட்டுவிட்டு இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். நீலப் புகை வெட்டிய குவியல்மேல் போய்க்கொண்டிருந்தது. ரூபன் மூச்சை இழுத்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன வாசனை வருது? சொல்லு" என்றேன்.

"புகைதாம்மா."

"ஒழுங்கா சொல்லு. எனக்கு வேற வழியில்ல."

அவனுக்குப் பேச்சு அவ்வளவாக வராது, அப்பாவைப்போல. யோசித்தான். "வெட்டின சைப்ரஸ், பென்சில் சீவுன மாதிரி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் மாதிரி. அதுக்கு மேல பெட்ரோல் புகை. ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுட்டு வருவேனே, அது."

"அவ்வளவுதானா?"

"உள்ள கொஞ்சம் தைலம் ஒட்டியிருக்கும் போல. அதுவும் சேர்ந்து வருது." "அப்பா ஸ்வெட்டரும்மா. அப்பா வேலி வெட்டிட்டு உள்ள வந்து நிக்கிறாப்ல இருக்கு."

மிஷின் பெட்ரோல் தீர்ந்து நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவன் சொன்னது அத்தனையும் சரி.